நானிலம் காணுதல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பயணத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பயணம் பரந்த பொருள். எனக்குத் தரப்பட்ட நேரத்தில் உலகைச் சுற்றி வர என்னால் ஆகாது. ஆகவே ஒரே ஒரு நாட்டைச் சுற்றி வருவதோடு அமைய எண்ணுகிறேன். எந்த நாடு என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

சுற்றுலா நிறுவனங்களின் அறிவிப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலையும் ஏரியும் சமவெளியும் கடற்கரையும் ஒருங்கே அமைந்த நாடு என்பார்கள். பழமை மாறாத நகரங்கள் நிறைந்த நாடு என்பார்கள். ஒரு வாரத்தில் அனைத்தையும் கண்டு திரும்பலாம் என்று அழைப்பார்கள். அது இத்தாலியாக இருக்கும்; அல்லது சுவிட்சர்லாந்தாக இருக்கும். அந்த அழைப்பில் பொய்யில்லை. அந்நாடுகள் அழகியவை, வாய்ப்புள்ளவர்கள் சென்று காணத் தக்கவை. ஆனால் நம் சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகளை எண்ணிப் பாருங்கள். பனி மூடிய சிகரமும் அதன் அடிவாரத்து நீல ஏரியும் எத்தனை ஆண்டுகளாக அவற்றில் இடம்பெற்று வருகின்றன! அந்த நாட்காட்டி மம்சாபுரத்து வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. சுவருக்கு அப்பால், மேற்கே, மேகம் படிந்த உண்மையான மலைத்தொடர் ஒன்று நிற்கிறது. படத்தில் உள்ளது ஆல்ப்ஸ் மலை என்று பள்ளிப் பிள்ளை சொல்லிவிடும். வெளியே நிற்கும் முகடுகளுள் ஒன்றைச் சுட்டிக்காட்டிப் பெயர் கேட்டால், ஆடு மேய்ப்பவரையும் மலையில் வாழும் பளியரையும் தவிர விடை சொல்லக் கூடியவர் நம்முள் எத்தனை பேர்? இதனைக் குறையாகத்தான் சொல்கிறேன். கவிஞர்கள் கூடிய அவை என்பதால் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

நான் சுற்றி வர எண்ணிய நாடு பாண்டி நாடு.

பலவகை நிலங்களைக் கொண்ட நாடு என்று ஒரு நாட்டைப் புகழ்வது சுற்றுலா நிறுவனத்தார் கண்டுபிடித்த முறையன்று. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் அதனைச் செய்திருக்கிறார். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த வந்த புலவர், 782 அடிகளில் அவனுடைய நாட்டையே அவன் முன் விரித்து வைக்கிறார். மருதம், முல்லை, குறிஞ்சி, பாலை, நெய்தல் என்னும் ஐந்து நிலமும் அதில் வருகின்றன. பிறகு மதுரை வருகிறது, அதன் பகல் அங்காடியும் இரவு அங்காடியும் வருகின்றன, விடியல் வருகிறது. நிலத்தையும் நகரத்தையும் ஒரே பாட்டில் அடக்கிய நாட்டுச் சுற்றுலா அது. அந்த மருதனாரின் மாங்குடி எது என்பதில் வேறு கருத்துகளும் இருக்கலாம். சங்கரன்கோவில் வட்டாரத்து மாங்குடியே அது என்பது இப்பகுதியார் கொண்டிருக்கும் நம்பிக்கை. 2001–02ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினர் அங்கு அகழாய்வும் செய்தனர். நம் ஊரிலிருந்து அரை நாளில் சென்று திரும்பக் கூடிய இடம். இந்த அவையில் உள்ள எத்தனை பேர் அந்த மண்ணை மிதித்திருக்கிறோம்?

இங்கே ஒரு தடையை எழுப்பலாம். திணை என்பது புலவர்கள் அமைத்துக்கொண்ட மரபு. குறிஞ்சி என்றால் கூடல், நெய்தல் என்றால் இரங்கல். அதைப் பாட நிலத்தை நேரில் காண வேண்டும் என்பதில்லை. இலக்கணம் அறிந்தால் போதும் என்று சொல்லலாம். சில அறிஞர்கள் சொல்லியும் வருகிறார்கள். தொல்காப்பியர் புலனெறி வழக்கத்தைச் சொல்லும்போது நாடக வழக்கோடு உலகியல் வழக்கையும் சேர்த்தே சொல்கிறார். இரண்டு கால்களில் நிற்கும் ஒன்றை ஒற்றைக் காலில் நிறுத்தப் பார்ப்பது முறையாகாது. கருப்பொருள் என்று புள்ளையும் விலங்கையும் மரத்தையும் உணவையும் பறையையும் வகுத்தவர்கள், அவற்றைக் கண்டும் கேட்டும் உண்டும் வகுத்தவர்கள்.

இதனினும் வலிய தடை ஒன்று நம் அண்டை ஊரிலேயே இருக்கிறது. ஆண்டாள் ஆயர்பாடியைக் கண்டதில்லை. யமுனையில் நீராடியதில்லை. ஆயினும் திருப்பாவை பிறந்தது. காணாமலே பாடலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? நெடுநாளாக இக்கேள்வி என்னைத் தொல்லைப்படுத்தியதுண்டு. திருப்பாவையைத் திரும்பத் திரும்பப் படித்தபோது விடை கிடைத்தது. நெற்பயிரின் ஊடே மீன் துள்ளுவதும், விடியற்காலையில் எருமைகள் பனிப்புல் மேயப் புறப்படுவதும், புழைக்கடைத் தோட்டத்துக் குளத்தில் ஆம்பல் கூம்புவதும் வடமதுரையிலிருந்து வந்தவை அல்ல. கண்மாய்ப் பாசனத்து மருத நிலத்து விடியல் அது. திருவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகக் கொண்டாள் என்று உரையாசிரியர்கள் சொல்வதை நாம் பக்தியின் உயர்வாக மட்டும் கொள்கிறோம். கவிஞர்களுக்கு அதில் தொழில் நுட்பமும் இருக்கிறது. தான் கண்ட ஊரைத் துல்லியமாகக் கண்டவளால்தான் காணாத ஊரை அங்கே இறக்கி வைக்க முடிந்தது. நம்முடைய நிலைமை வேறு. நாம் ஆயர்பாடியையும் காணவில்லை. திருவில்லிபுத்தூரையும் தேர்த் திருவிழாவன்று மட்டுமே காண்கிறோம்.

பத்தாண்டுகளாக நம் கவியரங்குகளில் படிக்கப்பட்ட கவிதைகளை அண்மையில் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பெயர் சொல்லப் போவதில்லை. யாரும் அஞ்ச வேண்டாம். குறிஞ்சி மலர் எத்தனை கவிதைகளில் பூத்திருக்கிறது! நீலக்குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006இலும் 2018இலும் மூணாற்றுப் பக்கமும் கொடைக்கானல் பக்கமும் பூத்தது. இனி 2030இல் பூக்க வேண்டும். இந்த வட்டத்தின் அகவைக்குள் அதற்கு ஒரு முறைதான் பூக்க நேரம் இருந்தது. நம் கவிதைகளில் மாதந்தோறும் பூத்திருக்கிறது. அதே சமயம் மம்சாபுரத்துத் தோப்புகளில் ஆண்டுதோறும் பூக்கும் மா எந்தக் கவிதையிலும் பூக்கவில்லை. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் சந்தைக்குப் போயின, பாட்டுக்கு வரவில்லை. யானை தோப்புக்குள் இறங்கித் தென்னையைச் சாய்த்த இரவுகள் வந்து போயின. அவையும் வரவில்லை.

சரி, புறப்படுவோம். மலையிலிருந்து தொடங்குவதே முறை.

செண்பகத்தோப்பு நமக்கு மிக அருகில் உள்ளது. சாம்பல் நிற மலை அணிலுக்கென 1988இல் அமைந்த காப்பகம், 2021இல் மேகமலையோடு இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. வனத்துறையின் இசைவின்றி உள்ளே செல்ல இயலாது. அது நன்மைக்கே என்பது என் கருத்து. காட்டழகர் கோயிலுக்குச் செல்லும் அடியார்களோடு சென்றாலே போதிய அளவு காணலாம். அந்த மலை அணில் கூடுமான வரை தரையில் இறங்குவதில்லை. கிளைக்குக் கிளை தாவியே வாழ்கிறது. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய காடு அதற்கு வேண்டும். நடுவே மரம் வெட்டி இடைவெளி விட்டால் அதன் வழி அறுந்துவிடும். இந்த உண்மையைச் சொல்ல அணி எதுவும் தேவையில்லை. கண்டதைக் கண்டவாறு சொன்னாலே அது கவிதைக்குப் போதுமானது.

மலையின் அந்தப் பக்கம் பெய்யும் பருவமழையில் நமக்குச் சிதறலே கிடைக்கிறது. நாம் மழை மறைவுச் சரிவில் இருப்பவர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்தால்தான் நம் ஓடைகளில் முழு வெள்ளம். வத்திராயிருப்புக்கு மேலே பிளவக்கல் அணைகள் உள்ளன. ராஜபாளையத்துக்கு மேலே அய்யனார்கோயில் ஆறும், நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் உள்ளன. இதே மலைக்கூட்டத்தின் வருசநாட்டுப் பக்கம் விழும் துளி வைகையாகி மதுரைக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழும் துளி ஓடைகளாய் இறங்கி வைப்பாற்றில் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. ஒரே முகட்டில் விழுந்த இரண்டு துளிகள் இரண்டு ஆறுகளின் வரலாற்றைச் சேர்கின்றன. இதைப் பாட நமக்கு ஒரு கவிஞர் வேண்டும், இன்னும் கிடைக்கவில்லை.

மலையிலிருந்து இறங்கிய நீர் ஆற்றுக்குப் போகுமுன் கண்மாய்க்குப் போகிறது. இங்கே நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். இது என் உள்ளத்துக்கு நெருக்கமானது. தமிழ் நாட்டு மருதம் என்றால் காவிரியும் தாமிரபரணியும் நினைவுக்கு வருகின்றன. நம் மருதம் ஆற்று மருதமன்று, கண்மாய் மருதம். மலையோடை முதற் கண்மாயை நிரப்பும். அது நிறைந்ததும் கலுங்கின் வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை நிரப்பும். அது நிறைந்து அதற்கடுத்தது. மேட்டூர்க்காரன் தன் கரையை மட்டும் பார்த்துக்கொள்ள முடியாது; அவன் கண்மாய் நிறைந்தால்தான் பள்ளத்தூர்க்காரன் வயலில் நாற்று. மடையைத் திறப்பதற்கும் முறை வைத்து நீர் விடுவதற்கும் நீர்பாய்ச்சி என்று ஊராரால் நியமிக்கப்பட்டவர் உண்டு. வரத்துக்கால், கலுங்கு, மறுகால், மடை, கரை, உள்வாய் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சொல். சங்கிலியில் ஒரு கண்மாய் தூர்ந்தாலோ, வரத்துக்காலில் கட்டடம் எழும்பினாலோ அதன் கீழ் உள்ள ஊர்கள் அனைத்தும் வறளும். மருதம் பாலையாவது கண் முன்னே நடக்கும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்லிற்று. வெயிலின் கொடுமையால் நிகழ்வது அது. மருதம் பாலையாவது மனிதன் செய்வது; இளங்கோவடிகள் அதனைச் சொல்ல நேரவில்லை. நாம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் சொல்வதற்குச் சொல் வேண்டுமே! மறுகால் பாய்வதைக் கண்டிராத தலைமுறை, அந்தச் சொல்லை அகராதியில்தான் தேடும். நம் கவிதைத் தொகுதிகளில் 'அருவி' நூறு இடங்களில் இருக்கிறது. 'கலுங்கு' ஓர் இடத்திலும் இல்லை.

திருவில்லிபுத்தூர் நகரைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அதன் பதினொரு நிலைக் கோபுரத்தை நீங்கள் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கிறீர்கள். புவிசார் குறியீடு 2019இல்தான் பால்கோவாவுக்குக் கிடைத்தது. நமக்கோ அதன் சுவை எந்தச் சான்றும் இன்றி முன்பே தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியை நாள்தோறும் இலைகளாலும் பூவாலும் புதிதாகச் செய்கிறார்கள். மறுநாள் அது பழசு, மீண்டும் புதிது. வரலாற்று நகரம் என்றால் இடிந்த கோட்டை என்று எண்ணிவிடுகிறோம். இலை வாடும் முன் மறுபடி செய்யப்படும் ஒரு கிளியும் வரலாறுதான். திருமலை நாயக்கர் இங்கே பூசை முடிந்த செய்தியை வழிநெடுக மண்டபங்களில் நகரா முழங்கக் கேட்ட பின்பே மதுரையில் உணவு கொள்வார் என்றும் சொல்வார்கள். கட்டபொம்மனுக்கும் திருச்செந்தூருக்கும் இடையிலும் இதே கதையைச் சொல்வதால் நான் இதில் உறுதி கொள்வதில்லை. கதை உண்மையோ அன்றோ, சாலையோரத்து மண்டபங்கள் உண்மை. அழகர் வைகையில் இறங்கும்போது ஆண்டாள் சூடிக் களைந்த மாலையை அணிவதும் உண்மை. ஒரு மாலையால் இரண்டு ஊர்கள் இணைந்திருக்கின்றன.

இனிக் கிழக்கே போனால் நிலத்தின் நிறம் மாறும். செம்மண் முடிந்து கரிசல் தொடங்கும். இந்தக் கரிசல் ஐந்திணையுள் எதில் அடங்கும் என்று நான் பல நாள் எண்ணியதுண்டு. முல்லை என்றால் காடில்லை. மருதம் என்றால் ஆற்றுநீர் இல்லை. பாலை என்றாலோ பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் விளைகின்றன. மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பழைய இலக்கணத்தில் பெயரில்லாத இந்த நிலத்துக்கு இலக்கியத்தில் இடம் வாங்கித் தந்தவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். அவர் 2021இல் மறைந்தார். கதைகளோடு நின்றுவிடாமல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் தொகுத்தார் அல்லவா? அதன் பொருள் என்ன? நிலத்தைப் பாடுமுன் நிலத்தின் சொற்களைத் திரட்டினார் என்பதுதான். இந்தக் கரிசல் பருத்தியை நம்பித்தான் ராஜபாளையத்தில் ஆலைகள் எழுந்தன. ராஜபாளையம் மில் 1936இல் தோன்றியது. மண்ணின் நிறம் ஒரு நகரத்தின் தொழிலை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கரிசலின் நடுவே, வைப்பாற்றங்கரையில், வேம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளம் இருக்கிறது. ஊர்ப்பெயரிலேயே மண்ணும் நீர்நிலையும் சேர்ந்து நிற்பதைப் பாருங்கள். 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கு அகழாய்வு செய்தது. மணிகள் கிடைத்தன, பொன் அணி கிடைத்தது, சங்கு வளையல்கள் பெருமளவில் கிடைத்தன. சங்கு கடலில் பிறப்பது. கரிசல் நடுவே அது வளையலாயிற்று என்றால், நெய்தல் நிலத்தான் ஒருவன் அதைச் சுமந்து உள்நாட்டுக்கு வந்திருக்கிறான், கைவினைஞன் ஒருவன் அறுத்திருக்கிறான், பெண்ணொருத்தி அணிந்திருக்கிறாள். தலைவியின் வளை நெகிழ்ந்தது என்று பாடம் சொல்கிறோம். அந்த வளையை யார் எங்கே அறுத்தார்கள் என்று என்றேனும் கேட்டதுண்டா? அங்கே போய் நின்றால் கேட்கத் தோன்றும். இதே வைப்பாறு சாத்தூரைக் கடந்து, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, கடலை அடையும் இடத்துக்கு அருகே ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் சிப்பிக்குளம்.

குறிஞ்சியில் பிறந்து, கண்மாய் மருதத்தை வளர்த்து, கரிசலை ஊடறுத்து, நெய்தலில் முடியும் ஆறு வைப்பாறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பதால் அதை நாம் ஆறாகவே மதிப்பதில்லை. தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரிக்கரையோரம் சென்று 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். நீர் ஓடும் ஆற்றுக்கு அத்தகைய நூல் வாய்த்தது. நீர் ஓடாத ஆற்றுக்கும் ஒரு நூல் வேண்டாமா?

பாலையைக் காண வேண்டுவோர் இன்னும் தெற்கே போக வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியில் செம்மணல் மேடு மேடாகக் கிடக்கிறது. காற்று அடிக்கும் பருவத்தில் மேடுகள் இடம் மாறும். பனையும் உடையும் நிற்கும். பாலைத் திணைப் பாட்டுகளைப் படிக்கும்போது ராஜஸ்தானத்தைக் கற்பனை செய்துகொள்ளும் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்படி தமிழாசிரியர்களை வேண்டுகிறேன்.

நகரங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை. கழுகுமலையை விட்டுவிட முடியாது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்யப்பட்டது. முற்றுப் பெறாமலே நின்றுவிட்டது. தந்தை சிற்பி மகன் சிற்பியைக் கொன்ற கதை ஒன்றை அங்கே சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. முடியாமல் நிற்பதே அதன் சிறப்பு. உளி எங்கிருந்து தொடங்கி எப்படி இறங்கியது என்பதை முடிந்த கோயில் மறைத்துவிடும். முடியாத கோயில் மறைக்காமல் காட்டுகிறது. பிறர் எழுதிய கவிதையின் கையெழுத்துப் படியைத் திருத்தங்களோடு பார்ப்பது போன்றது அது. அடுத்த பாறையில் சமணத் திருவுருவங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். செய்வித்தவர்களின் பெயரும் ஊரும் அவற்றில் உள்ளன. குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் மாணாக்கரை வைத்துப் பாடம் சொன்ன இடம். நம் வட்டத்து மகளிர் உறுப்பினர்கள் முதலில் காண வேண்டியது இதுவே. அதே மலையில் முருகன் எழுந்தருளியிருக்கிறான். அவன் மேல்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். இருபத்தாறு வயதளவே வாழ்ந்தவர் அவர். அவரை ஆதரித்தவர் ஊற்றுமலை ஜமீன்தார். எட்டயபுரமும் அங்கிருந்து தூரமில்லை. உமறுப்புலவர், முத்துசாமி தீட்சிதர், பாரதி மூவரையும் தொடர்புபடுத்தும் சிற்றூர் உலகில் வேறு எங்கே இருக்கிறது?

தென்காசிக்கு ஒரு சொல். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயிலை எடுத்தான். எதிர்காலத்தில் இதனைப் பழுது பார்த்துக் காப்பவரை இப்போதே வணங்குகிறேன் என்னும் பொருளில் அவன் வேண்டுகோள் அங்கே கல்லில் பாட்டாகவே வெட்டப்பட்டிருக்கிறது. கோபுரம் பின்னாளில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990இல் புதிதாக எழுந்தது. அரசன் முன்கூட்டியே வணங்கிய மனிதர்கள் ஐந்து நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து குற்றாலம், சாரல் காலம், திரிகூடராசப்பக் கவிராயர், ரசிகமணி டி.கே.சி. இவற்றை நான் விரிக்க வேண்டியதில்லை. ஆனால் செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் மலைப்பாதை ரயிலில் ஒருமுறையேனும் போய் வாருங்கள். 1904இல் திறந்த பாதை அது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010இல் மூடப்பட்டு 2018இல் மீண்டும் முழுமையாகத் திறந்தது. ராஜபாளையம் நிலையத்திலேயே ஏறலாம். மலைக்குகைக்கு இந்தப் பக்கம் நம்முடைய வெயில். அந்தப் பக்கம் வெளியேறும்போது மலையாளத்து மழை. இரண்டு பருவத்தை ஒரே பயணச்சீட்டில் காட்டும் வழி அது.

நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. உலகம் சுற்றிய தமிழர் ஏ.கே. செட்டியார் பயண நூலுக்கு ஓர் இடம் தேடித் தந்தார். சோமலெ மாவட்டம் மாவட்டமாக எழுதினார். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் 'வேங்கடம் முதல் குமரி வரை' என்று கோயில் கோயிலாக நடந்தார், டி.கே.சி.யின் வட்டத்தொட்டியில் பழகியவர் அவர். இலக்கிய வட்டமும் ஊர் சுற்றுதலும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு அவரே சான்று.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. சப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் தம் மாணவர் சோராவுடன் வடநாட்டுக்கு நடைப்பயணம் புறப்பட்டார். ஐந்து மாத காலம் நடந்தார். சப்பானியக் கவிதையில் சில ஊர்களுக்கும் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் பழம் பாடல்கள் வழியாக ஒரு பொருள் ஏறி நிற்கும். அவற்றை உத்தமக்குரா என்பார்கள். நம் திணை மரபோடு ஒப்பிடத் தக்க ஒன்று. நேரில் காணாமலே அந்த இடங்களைப் பாடும் வழக்கமும் அங்கே இருந்தது. பாஷோ அவற்றை நேரில் தேடிப் போனார். சில இடங்கள் உருத்தெரியாமல் மாறியிருந்தன. ஒரு பழங்கல் மட்டும் மாறாமல் நிற்கக் கண்டு கண்ணீர் விட்டதாக எழுதுகிறார். மாறியதைக் கண்டதும் மாறாததைக் கண்டதும் இரண்டுமே அவருக்குப் பாட்டுக்குப் பயன்பட்டன. வீட்டிலிருந்து மரபை மட்டும் பாடியிருந்தால் இரண்டில் ஒன்றும் தெரிந்திராது.

ஆகவே என் வேண்டுகோளை வட்டத்தின் முன் வைக்கிறேன். ஆண்டில் பன்னிரண்டு கூட்டங்கள் நடத்துகிறோம். அவற்றுள் மூன்றை இந்த அரங்குக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். முதற் பயணம் வைப்பாற்றோடு, மலையடியிலிருந்து சிப்பிக்குளம் வரை, இரண்டு நாள். தை மாதத்தில், கண்மாய்களில் நீர் இருக்கும்போது. அடுத்தது கழுகுமலையும் எட்டயபுரமும், ஒரு நாள். மூன்றாவது ஆடிச் சாரலில் தென்காசியும் மலைப்பாதை ரயிலும். ஆகும் செலவு ஒரு கவியரங்கத்துக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் வாங்கும் செலவுக்கு மேல் போகாது. கணக்குப் பார்த்தே சொல்கிறேன்.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. பயணத்தின்போது கவியரங்கம் கிடையாது, பேருந்திலும் கிடையாது. யாராவது குறிஞ்சி மலரைப் பற்றித் தொடங்கினால் அவரை அங்கேயே இறக்கிவிட ஓட்டுநருக்கு அதிகாரம் வழங்கலாம். இரண்டாவது, ஒவ்வோர் உறுப்பினரும் ஒவ்வொரு பயணத்திலும் அவ்வூர் மக்களிடமிருந்து பத்துச் சொல் கேட்டு எழுதி வர வேண்டும். கண்மாயில் மடை திறப்பவரிடம், உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணிடம், பனையேறியிடம், மலையில் தேன் எடுக்கும் பளியரிடம் கேட்க வேண்டும். சொல், அதன் பொருள், சொன்னவர் பார்க்கும் வேலை இவை மூன்றும் போதும். முப்பது பேர் மூன்று பயணம் சென்றால் தொள்ளாயிரம் சொற்கள். அவற்றை வட்டத்தின் செலவில் சிறு நூலாக அச்சிடலாம். சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது! அட்டையில் ஆல்ப்ஸ் மலையைப் போட வேண்டாம் என்று மட்டும் அச்சகத்தாரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

வயதில் மூத்தவர்கள் தயங்க வேண்டாம். நடக்க வேண்டிய தொலைவு மிகுதியில்லை. கழுகுமலைப் பாறை ஏறுவதில் மட்டும் துணை தேவைப்படும். மகளிர் உறுப்பினர்கள் வருவதற்கு ஏற்றவாறு தங்குமிடத்தை முன்பே உறுதி செய்யும் பொறுப்பைச் செயற்குழு ஏற்க வேண்டும். புறப்படும் நேரம் விடியற்காலை. மலை நமக்கு மேற்கே இருப்பதால் காலைக் கதிர் முதலில் அதன் முகத்தில்தான் படும். பேருந்து ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அதைப் பார்த்துவிடலாம்.

வாசலில் ஒரு குறிப்பேடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றே எழுதிக் கொடுக்கலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.